சொந்த லைனுக்கு மார்க் இல்லை

ஏப்ரல் 12, ஞாயிறு

இந்த வருடமும் மாரியம்மன் திருவிழாவில் நடனப் போட்டி உண்டு என்று எங்கள் தேயிலை எஸ்டேட் மன்றத்தில் முடிவு செய்துவிட்டார்கள். ஜெயிக்கிற அணி அடுத்த மாதம் வால்பாறையில் பெரிய மேடையில் ஆடும். எல்லா எஸ்டேட்காரர்களும் அங்கே வருவார்கள். இதைக் கேட்டதிலிருந்து என் தங்கை முத்தரசி தரையில் நிற்கவில்லை. சோறு பொங்கி அடுப்பு அணைந்ததைக்கூடக் கவனிக்காமல் கண்ணாடி முன்னால் கழுத்தை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

யார் மார்க் போடுவது என்பதில்தான் தகராறு. போன வருடம் பொள்ளாச்சியிலிருந்து ஒரு டான்ஸ் மாஸ்டரைக் கூட்டி வந்தார்கள். முந்தின நாளே வந்தவர் மேல் லைன் என்கிற வீட்டு வரிசையில் ஒரு வீட்டில் தங்கினார். அங்கே நாட்டுக்கோழி அடித்தார்களாம். கோப்பை மேல் லைனுக்குப் போனது. கீழ் லைன்காரர்கள் மேடையில் ஏறி நாற்காலிகளைத் தூக்கிப் போட்டார்கள். எங்கள் நடு லைன்காரர்களும் சும்மா இருக்கவில்லை.

"வெளியாளைக் கூப்பிட்டா கோழி, உள்ளாளைக் கூப்பிட்டா மாமன் மச்சான். நான் எங்க போறது?" என்று மன்றச் செயலாளர் சேதுராமு அண்ணன் கேட்டாராம்.

அம்மாவின் காலுக்கு எண்ணெய் தேய்த்தேன். குளிருக்கு வலி அதிகமாக இருக்கிறது.

ஏப்ரல் 14, செவ்வாய்

சித்திரை முதல் நாள். அரை லிட்டர் பாலில் பாயசம். முத்தரசி பாதியைக் குடித்துவிட்டாள்.

ஏப்ரல் 15, புதன்

அம்மாக்கள் கொழுந்து பறிக்கப் போகும்போது பிள்ளைகளைக் காப்பகத்தில் விட்டுப் போவார்கள். அங்கே நான் ஆயாவுக்கு உதவியாள். சேதுராமு அண்ணன் இன்று தன் மகளை விட வந்தவர் ஜன்னலில் சாய்ந்துகொண்டு போட்டியைப் பற்றியே புலம்பினார். நான் ஒரு குழந்தைக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். என்னிடம் பேசுகிறார் என்றே முதலில் தெரியவில்லை.

"லைனுக்கு ஒருத்தர் மார்க் போடட்டும்ணே. சொந்த லைனுக்கு மட்டும் போடக் கூடாது" என்றேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். நான் பேசியது அவருக்கு ஆச்சரியமாக இருந்திருக்கும். எனக்கும்தான்.

"போட்டுட்டு அப்புறம் மாத்திட்டாங்கன்னு சொல்வானுங்களே."

"யார் யாருக்கு எவ்வளவு போட்டாங்கன்னு மைக்கில படிச்சிடுங்க. எல்லாரும் கேக்குறப்ப யாரும் அநியாயமா போட மாட்டாங்க."

அவர் மகளை விட்டுவிட்டுப் போய்விட்டார். குழந்தை கஞ்சியை என் மேல் துப்பியது.

ஏப்ரல் 16, வியாழன்

மன்றத்தில் இரண்டு விதிகளையும் சேதுராமு அண்ணன் அறிவித்தாராம். எல்லோரும் கைதட்டினார்களாம். என் பெயரைச் சொல்லவில்லை. அதுவே நல்லது.

மார்க் போட மேல் லைன் சார்பில் கனகராஜ் மாமா. ஃபேக்டரியில் வேலை செய்கிறவர். கீழ் லைனுக்கு ரூத் அக்கா. டிஸ்பென்சரியில் கட்டுப் போடுகிறவர். நடு லைனுக்கு நான்.

என்னைச் சொன்னது பக்கத்து வீட்டுப் பேச்சியம்மா அத்தை. "அவ யார்கிட்டயும் பேச மாட்டா. பேசாதவளை யாரு பேசி மயக்குறது?" என்றாராம். எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். "தங்கச்சி ஆடுறாளே" என்று ஒருவர் கேட்டதற்கு, "சொந்த லைனுக்குத்தான் மார்க் கிடையாதே" என்று பதில் வந்திருக்கிறது.

முத்தரசி வந்து இதையெல்லாம் நடித்துக் காட்டினாள். அம்மாவுக்குப் பெருமை. "ஆட்டம் தெரிஞ்சவதான் மார்க் போடணும். எட்டாவதுல இவ மேடையேறினப்போ ஹெட்மாஸ்டரே..." என்று ஆரம்பித்தார். நான் அரிசி களையப் போனேன்.

ஏப்ரல் 18, சனி

இந்த முறை நான்காவதாக ஓர் அணி. பழைய லைன். ஆள் இல்லாமல் பூட்டிக் கிடந்த அந்த வீடுகளில் இப்போது ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள் இருக்கிறார்கள். பெயர் கொடுக்க ஃபூல்மணி வந்தாளாம். என் வயதுதான் இருக்கும். தன் குட்டித் தங்கை சோனியை எங்கள் காப்பகத்தில்தான் விடுவாள். மூன்று வருடத்தில் தமிழ் நன்றாகப் பேசக் கற்றுக்கொண்டாள்.

அவர்கள் லைனிலிருந்து மார்க் போட ஆள் கேட்கவில்லை. "ஆசைக்கு ஆடட்டும்" என்று சேர்த்துக்கொண்டார்கள். எங்கள் லைனில் எல்லோருக்கும் இது சந்தோஷம். போட்டி பெரிதாகத் தெரியும் அல்லவா.

ஏப்ரல் 20, திங்கள்

நடு லைன் பிள்ளைகள் காப்பகத்துக்குக் கீழே உள்ள மைதானத்தில் ஒத்திகை ஆரம்பித்திருக்கிறார்கள். முத்தரசிதான் நடுவில் நிற்கிறாள். நாலரைக்கு எல்லாப் பிள்ளைகளும் வீட்டுக்குப் போய்விட்டன. நான் ஆறு மணி வரை இருந்தேன். பெருக்க நிறைய இருந்தது.

ஏப்ரல் 21, செவ்வாய்

இன்றும் பெருக்க நிறைய இருந்தது.

ஏப்ரல் 23, வியாழன்

மழை. அட்டை கடித்து சோனியின் காலில் ரத்தம். உப்பு வைத்து எடுத்தேன். அழவே இல்லை. கனகராஜ் மாமா வழியில் பார்த்து, "என்ன நீதிபதி அம்மா, எங்க புள்ளைகளுக்குப் பாத்துப் போடு" என்றார். நான் தலையை ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை.

ஏப்ரல் 25, சனி

போட்டி முடிந்தது. எல்லாவற்றையும் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

மேடைக்கு முன்னால் மூன்று நாற்காலிகள். நான் நடுவில். பத்துக்கு மார்க்.

மேல் லைன் முதலில் ஆடியது. உண்மையிலேயே நன்றாக இருந்தது. பாட்டுக்குத் தகுந்த மாதிரி நின்று நிதானமாக ஆடினார்கள். ஒருவர் இடத்துக்கு இன்னொருவர் மாறும்போது மாறியதே தெரியவில்லை. எட்டு போட்டேன்.

கீழ் லைனில் ஆரம்பம் அருமை. போகப் போக மூச்சு வாங்கியது. கைகள் பாதியிலேயே நின்றன. ஆறு.

பழைய லைன் பெண்கள் கை கோத்து வரிசையாக வந்தார்கள். ஓர் அண்ணன் நீள மத்தளம் அடித்தார். அலை மாதிரி முன்னால் வந்து பின்னால் போனார்கள். எனக்கு அந்த ஆட்டம் பழக்கமில்லை. ஆனால் நடுவில் இரண்டு பேருக்குக் கை விட்டுப்போய், ஒருத்தி பாவாடையைச் சரிசெய்ய நின்றுவிட்டாள். ஓரத்தில் இருந்த இருவர் மற்றவர்கள் முன்னால் வரும்போது பின்னால் போனார்கள். ஐந்து.

நடு லைன் ஆடியது. நான் மார்க் போட வேண்டியதில்லை.

பிறகு சேதுராமு அண்ணன் மைக்கில் படித்தார். கனகராஜ் மாமா கீழ் லைனுக்கு இரண்டு போட்டிருந்தார். மேல் லைன் பக்கமிருந்து விசில் பறந்தது. எங்களுக்கு மூன்று. அதற்கும் விசில். ரூத் அக்கா மேல் லைனுக்கு இரண்டு, எங்களுக்கு மூன்று. இப்போது கீழ் லைனில் விசில். ரூத் அக்கா தலையைக் குனிந்துகொண்டே இருந்தார். பழைய லைனுக்கு மட்டும் கனகராஜ் மாமா பத்து, ரூத் அக்கா ஒன்பது.

என் மார்க்குகளைப் படித்தபோது எங்கள் லைன் பக்கம் அமைதியாகிவிட்டது. "எட்டா?" என்று ஒரு குரல் மட்டும் கேட்டது. அது பேச்சியம்மா அத்தையின் குரல்.

கூட்டி, மார்க் போட்டவர்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பார்த்தால் பழைய லைன் முதலிடம். மேல் லைன் இரண்டாவது. கீழ் லைன் மூன்றாவது. நாங்கள் கடைசி.

ஃபூல்மணி கோப்பையை வாங்கும்போது சிரித்துக்கொண்டே திரும்பித் திரும்பிப் பார்த்தாள். தவறுதலாகக் கூப்பிட்டுவிட்டார்களோ என்று பார்க்கிற மாதிரி இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் முத்தரசி என்னிடம் ஒரே ஒரு வாக்கியம் பேசினாள்.

"நீயும் எல்லாரையும் மாதிரி ரெண்டு லைனுக்கும் ரெண்டு ரெண்டு போட்டிருந்தா நாங்க ரெண்டாவது வந்திருப்போம்."

கணக்குப் போட்டுப் பார்த்தேன். சரிதான்.

ஏப்ரல் 26, ஞாயிறு

கோயில் முன்னால் கூட்டம். எல்லோரும் வந்திருந்தார்கள். பழைய லைன்காரர்களும் வந்து சில்வர் ஓக் மரத்தடியில் நின்றார்கள்.

"அதுங்களுக்கு ஆறுதல் பரிசா ஒரு குடம் குடுத்துடலாம். நமக்குள்ள மறுபடி வைப்போம்" என்றார் கீழ் லைன்காரர் ஒருவர்.

"அதுங்க இதுங்கன்னு பேசாதீங்க, நிக்கிறாங்கல்ல" என்று சேதுராமு அண்ணன் சத்தம் போட்டார். பிறகு கனகராஜ் மாமாவிடம் திரும்பினார். "பத்து போட்டது நீங்கதானே மாமா. இப்ப உங்க லைனே குதிக்குது."

"பாவம்ப்பா. ஊரு விட்டு ஊரு வந்து பொழைக்குதுங்க. சந்தோசமா இருக்கட்டுமேன்னு போட்டேன். ஜெயிச்சிரும்னு யாரு கண்டா?"

எல்லோரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார்.

"நீ ஏன்க்கா ஒன்பது?"

ரூத் அக்கா சேலை முந்தானையை விரலில் சுற்றினார். "அதே பாவம்தான். மேல் லைனுக்கு நான் எட்டுதான் நினைச்சிருந்தேன் தம்பி. மைக்கில படிப்பீங்கன்னதும் கை வரல. நான் கீழ் லைன்லதான குடியிருக்கேன். காலைல தண்ணி பிடிக்க அவங்க கூடத்தான நிக்கணும்."

யாரும் சிரிக்கவில்லை.

நான் அப்போதுதான் யோசித்தேன். எங்கள் லைனில் பத்து வீட்டுக்கு ஒரே கூரை. பேச்சியம்மா அத்தை வீட்டில் கடுகு தாளித்தால் எனக்குத் தும்மல் வரும். நான் தும்மினால் அங்கிருந்து "நூறு" என்பார். எல்லோரும் கேட்கும்படி படித்தால் நியாயமாகப் போடுவார்கள் என்று நான் நினைத்தேன். அந்த எல்லோரும் யார் என்பதை நினைக்கவில்லை.

"மைக்கில படிக்கிறது உங்க யோசனைதானே சேது?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

"என் யோசனை எங்க? அந்தப் புள்ள சொன்னது" என்று என்னைக் காட்டினார்.

அத்தனை தலைகளும் திரும்பின. கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன் என்று எழுதத் தோன்றுகிறது.

ஆனால் கேட்கத்தான் செய்தார்கள். "நீ சொல்லு செண்பகம், உண்மையில எது நல்ல ஆட்டம்?" என்று சேதுராமு அண்ணனே கேட்டார். நான் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர்கள் வேறு பேச்சுக்குப் போய்விட்டார்கள்.

அதற்குள் ஃபூல்மணி மரத்தடியிலிருந்து நடந்து வந்தாள். கோப்பையைக் கொண்டுவந்திருந்தாள். சேதுராமு அண்ணனின் மேசையில் வைத்தாள்.

"பாவத்துக்குக் குடுத்தது எங்களுக்கு வேண்டாம்" என்றாள்.

"அப்படி இல்லம்மா, மாமா ஏதோ வாய் தவறி..."

"தவறலை" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விட்டாள். அவர்களும் எல்லோரும் போய்விட்டார்கள்.

ஏப்ரல் 27, திங்கள்

ஃபூல்மணி வேலைக்குப் போகிற வழியில் சோனியை என் கையில் கொடுத்தாள். போகாமல் நின்றாள்.

"மைக்கில நீ அஞ்சுன்னு சொன்னாங்க. ஏன் அஞ்சு?"

அவளுக்குக் கோபம் என்று நினைத்தேன். சோனியின் தலையைத் தடவிக்கொண்டே சொன்னேன். கை விட்டுப்போனதைச் சொன்னேன். பாவாடையைச் சொன்னேன். ஓரத்தில் இருவர் பின்னால் போனதைச் சொன்னேன்.

கடைசியைக் கேட்டதும் தலையை ஆட்டினாள். "அது தப்பு இல்ல. ஓரத்துல நிக்கிறவங்க அப்படித்தான் போகணும். வரிசை வளையணும்ல."

"எனக்குத் தெரியாது."

"ஆமா, உனக்குத் தெரியாது. மத்தது சரி. கை விட்டது என்னாலதான்."

"அப்போ ஆறு" என்றேன்.

அவள் சிரித்துவிட்டாள். கூடையை எடுத்து மாட்டிக்கொண்டு, "நீ மட்டும்தான் பாத்திருக்க" என்று சொல்லிவிட்டு மேட்டில் ஏறிப் போனாள்.

ஏப்ரல் 28, செவ்வாய்

மன்றத்தில் முடிவாகிவிட்டது. முதல் அணி கோப்பையைத் திருப்பிக் கொடுத்ததால் இரண்டாவது வந்த மேல் லைன் வால்பாறைக்குப் போகும்.

மேல் லைனை இரண்டாவது ஆக்கியது என் எட்டு. நான் இரண்டு லைனுக்கும் இரண்டு போட்டிருந்தால் வால்பாறைக்கு எங்கள் பிள்ளைகள் போயிருப்பார்கள். இதை எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. இருந்தாலும் பேச்சியம்மா அத்தை சுவருக்கு அந்தப் பக்கமிருந்து தன் வீட்டுக்காரரிடம் சொல்கிற மாதிரி சொன்னார். "ஊருக்கெல்லாம் எட்டு, கூடப் பொறந்தவளுக்குக் குழி."

முத்தரசி அம்மா வழியாகத்தான் என்னிடம் பேசுகிறாள். "அம்மா, உன் பெரிய மகள்ட்ட தீப்பெட்டி எங்கன்னு கேளு." நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். எடுத்துக் கொடுத்தேன். வாங்கி, அம்மாவுக்கு நன்றி சொன்னாள்.

ஏப்ரல் 29, புதன்

வெயில். போர்வைகளைத் துவைத்தேன்.

ஏப்ரல் 30, வியாழன்

சாயங்காலம் பழைய லைன் பெண்கள் காப்பகத்து மைதானத்துக்கு வந்தார்கள். போட்டி இல்லை, மேடை இல்லை. மத்தளம்கூட இல்லை. ஃபூல்மணி என்னை ஜன்னலில் பார்த்து, "பாரு" என்றாள். ஆடினார்கள். ஓரம் வளைந்தபோது வரிசை பிறை மாதிரி ஆனது. அன்று இது எப்படி என் கண்ணில் படவில்லை என்று தெரியவில்லை.

"எத்தனை?" என்றாள்.

"ஏழு."

"ஏழுதானா?" இடுப்பில் கை வைத்து முறைத்தாள். மற்றவர்களிடம் அவர்கள் பாஷையில் என்னவோ சொன்னாள். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்கள்.

நான் வீட்டுக்குக் கிளம்பும்போது மைதானத்துப் படியில் முத்தரசி உட்கார்ந்திருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. எல்லாவற்றையும் கேட்டிருப்பாள். என்னோடு சேர்ந்து நடந்து வந்தாள்.

மே 1, வெள்ளி

இன்று தோட்டத்துக்கு விடுமுறை. சாயங்காலம் மூன்று பேரும் வீட்டில்தான் இருந்தோம். அம்மா கட்டிலில் கால் நீட்டிப் படுத்திருந்தார். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். முத்தரசி நேராக என் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"எங்களுக்குப் போடச் சொல்லியிருந்தா எத்தனை போட்டிருப்ப?"

"சொந்த லைனுக்குப் போடக் கூடாதுன்னு..."

"அதை விடு. எத்தனை?"

"ஏழு."

எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை.

"மேல் லைனுக்கு எட்டு. எங்களுக்கு ஏழு. அந்த ஒண்ணு எங்க போச்சு?"

சொன்னேன். "ரெண்டாவது சரணத்துல திரும்புறப்போ நீ முந்திப் போற. மத்தவங்க உன்னைப் பிடிக்க ஓடுறாங்க. உன்னைத் தனியாப் பார்த்தா நல்லா இருக்கு. எல்லாரையும் சேர்த்துப் பார்த்தா கலைஞ்சு போகுது."

முத்தரசி மனதுக்குள் ஆடிப் பார்க்கிறாள் என்று அவள் தோள் அசைந்ததில் தெரிந்தது.

"இது உனக்கு மேடையிலதான் தெரிஞ்சுதா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம்.

"இல்லை. ஒத்திகையிலயே."

"எப்போ?"

"முதல் நாளே."

"முதல் நாளே பாத்துட்டு தினமும் ஜன்னல்ல நின்னு சும்மா இருந்தியா?"

ஜன்னலில் நின்றது அவளுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியாது.

"நான் மார்க் போடுற ஆளு. ஒரு அணிக்கு மட்டும் சொன்னா தப்பு இல்லையா."

"எங்களுக்குத்தான் நீ போடவே வேண்டாமே. அப்புறம் என்ன தப்பு? மேல் லைனுக்கு எட்டு போட்டதுக்கு நான் கோவப்படல. அவங்க நல்லாத்தான் ஆடுனாங்க, எனக்குக் கண்ணு இல்லையா? ஃபூல்மணிக்குச் சொல்ற. எனக்குச் சொல்ல மாட்டேங்குற."

நான் வெங்காயத்தை உரித்துக்கொண்டே இருந்தேன். விதி இருந்தது என்று சொல்லலாம். விதி இல்லாவிட்டாலும் நான் சொல்லியிருக்க மாட்டேன். அம்மா விழுந்து கால் அடிபட்டு, நான் பள்ளிக்கூடத்தையும் ஆட்டத்தையும் விட்ட பிறகு அவள் ஆட ஆரம்பித்தாள். ஒருநாளும் நான் நன்றாக இருக்கிறது என்றுகூடச் சொன்னதில்லை. ஏன் என்று இங்கே எழுத வரவில்லை.

"கேக்குறால்ல, சொல்லேன்" என்றார் அம்மா.

"சொல்ல வேண்டாம்" என்று முத்தரசி எழுந்தாள். பாயைச் சுருட்டினாள். தண்ணீர் அண்டாவைச் சுவரோரம் இழுத்தாள். அந்தச் சின்ன அறையில் இரண்டு பேர் நிற்க இடம் வந்தது. "எந்திரி. எங்க முந்துறேன்னு ஆடிக் காட்டு."

"எனக்கு மறந்துபோச்சு."

"பொய்" என்றார் அம்மா கட்டிலிலிருந்து.

கையைக் கழுவினேன். துப்பட்டாவை இடுப்பில் கட்டினேன். முத்தரசி கைதட்டிக்கொண்டே பாட்டை முனகினாள். சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சு நின்றுவிட்டது. கேட்கிறார்கள் என்று தெரிந்தது. முதல் சரணத்தில் எனக்குக் கால் தடுமாறியது. இரண்டாவதில் தடுமாறவில்லை. திரும்புகிற இடத்தில் ஒரு தாளம் நின்று, பிறகு திரும்பிக் காட்டினேன். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு என் பக்கத்தில் வந்து நின்றாள். சேர்ந்து ஆடினோம்.

இன்னும் முந்துகிறாள். சொன்னேன்.